முயல் கப்

மிஷன் லேண்டிங்
12 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இவான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், காலுறையை நானே தோய்க்கிறேன். நீ கேட்கப்போவதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டேன். நீயும் ஒலிங்காவும் சுகமா? வசீலி அத்தானின் பல்வலி குறைந்ததா?

ட்ரெஸ்லர் கம்பெனியில் நான் விமானம் ஓட்ட ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. நம் அகுலிக் ஊரிலிருந்து வந்த முதல் பைலட் நான்தான் என்று எல்லோரிடமும் முதலாளி ட்ரெஸ்லரே சொல்லிக்கொள்கிறார். நீ அங்கே அவருக்கு ஏஜெண்டாக இருந்துகொண்டு தினமும் காலையில் போனில் வானிலை சொல்கிறாயே, அந்தக் குரலை இங்கே எல்லோருக்கும் தெரியும். "உங்க அக்கா 'நல்லா இருக்கு'ன்னு சொன்னா வெயில்னு அர்த்தம், 'பரவாயில்ல'ன்னு சொன்னா கோட்டு போட்டுக்கணும்" என்று ரிக் கிண்டல் செய்கிறான். ரிக் இங்கே பழைய ஆள். மினசோட்டாக்காரன்.

போனில் பேசினால் இந்த அறையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ரேடியோ இருப்பதால் அதில் பேசினால் ஊரே கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நானே தபால் மூட்டையில் போட்டு நானே கொண்டுவந்து உன் கையில் இறக்கப்போகிறேன் என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பைலட் அறையில் ஆளுக்கொரு காப்பி கப், ஆளுக்கொரு கொக்கி. கடைசிக் கொக்கியில் மட்டும் சின்னதாக ஒரு ரோஸ் நிறக் கப். குழந்தைகள் பால் குடிக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் பிடி, நடுவில் ஒரு முயல் படம். வானிலை சரியில்லை என்று யார் பாதி வழியில் திரும்பி வருகிறானோ அவன் அதில்தான் காப்பி குடிக்க வேண்டும். அடுத்தவன் ஒருவன் திரும்பி வரும் வரைக்கும். போன வாரம் ஒரு ஆறடி ஆள் அதைச் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு குடித்ததைப் பார்த்து ட்ரெஸ்லருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மனுஷன் அக்கா. யாரையும் அதட்டுவதில்லை. "போறதும் போகாததும் பைலட் இஷ்டம்" என்று தினமும் சொல்கிறார்.

ஒலிங்காவுக்கு மாமாவின் முத்தம்.

உன் தம்பி
இவான்


அகுலிக்
25 செப்டம்பர் 1993

அருமைத் தம்பி இவானுக்கு,

இங்கே நாங்கள் நலம், அத்தானின் பல்லைத் தவிர. பல் டாக்டர் வருகிறார் வருகிறார் என்று இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் மூடுபனி. மனுஷன் ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வலையை இழுக்கிறார். கருவாட்டை மெல்ல முடியவில்லை என்று என்மேல் கோபம், ஏதோ பனியை நான் போட்ட மாதிரி.

உன் முயல் கப் கதையைப் படித்துவிட்டு நானும் ஒலிங்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பை அடக்க முடியாமல் ரேடியோவை எடுத்து நீராவிக் குளியலுக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியாததா? இப்போது ஊரில் எந்த விமானம் திரும்பிப் போனாலும் யாராவது ஒருவர் ரேடியோவில், "முயல் போகுது, முயல் போகுது" என்கிறார்கள். நேற்று வேறு கம்பெனி விமானத்துக்குக்கூட.

நீ மட்டும் அந்தக் கப்பில் குடித்துவிடாதே. நம் அப்பா கடல்பனியில் நடந்து போய் வேட்டையாடினவர். ஊர் சிரிக்கும்.

ஒலிங்கா பள்ளிக்கூட பாஸ்கெட்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். பதினாறு வயதில் என்னைவிட உயரம். பள்ளி முடிந்ததும் நீ இருக்கிற டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவிப் படிப்புக்குப் போவாளாம், அதுவும் நீ ஓட்டுகிற விமானத்தில்தான் போவாளாம்.

மூட்டையோடு உனக்குக் காய்ந்த சால்மன் மீன் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். ரிக்குக்குக் கொடுக்காதே.

அன்புடன் உன் அக்கா
நஸ்தாசியா


மிஷன் லேண்டிங்
30 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். கொஞ்சம் சளி. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும். சால்மனில் பாதியை ரிக் தின்றுவிட்டான், நான் கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்கே தெரியும். ஆறு வளைகிற இடம் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் கீழேயும் வெள்ளை மேலேயும் வெள்ளை, எது தரை எது வானம் என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன். ரேடியோவில் கேட்டது, "முயல் போகுது." குரல் யாருடையது என்றுகூடத் தெரிந்தது. பரவாயில்லை, அவன் எப்போதுமே அப்படித்தான்.

இங்கே வந்தால் ரிக் கப்பைக் கழுவித் துடைத்து, துண்டு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு ஹோட்டல்காரன் மாதிரி காத்திருந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். வேறு யாரும் திரும்பாததால் ஒன்பது நாள் அதில் குடித்தேன். அவ்வளவு சின்னக் கப்பில் காப்பி சீக்கிரம் ஆறிவிடுகிறது.

அக்கா, இனிமேல் அந்தக் கதையை ரேடியோவில் சொல்லாமல் இருந்தால் நல்லது. ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்.

பிறகு நான் திரும்பவே இல்லை. கப் கைமாறிவிட்டது.

உன் அன்புத் தம்பி
இவான்


அகுலிக்
9 ஜனவரி 1994

என் தம்பிக்கு,

நம் பழைய காலண்டர் கிறிஸ்துமஸ் பண்டிகை ஆசீர்வாதம். நலம், நலம். நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்று எங்கள் வீட்டில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. பெர்ரியும் கொழுப்பும் அடித்து அகுதாக் ஒரு அண்டா செய்தேன், அண்டாவை வழித்துத்தான் கொடுத்தேன். பல்வலியோடு பாடினதில் அத்தானின் சுருதி மட்டும் ஒரு பக்கமாகவே போனது.

உனக்குச் சளி போயிற்றா? போன தடவை நீ இறங்கி மூட்டையைப் போட்டபோது முகம் வற்றிக் கிடந்தது. இன்ஜினை நிறுத்தக்கூட இல்லை. "நேரமில்லக்கா" என்றாய். காற்று சத்தத்தில் மேலே கேட்கவில்லை.

என் வேலையும் கஷ்டமாகிவிட்டது. காலையில் போனை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருத்திக்குக் குழந்தைத் துணி வர வேண்டும். ஒருத்தருக்கு மருந்து. கடைக்காரருக்கு எல்லாமே வர வேண்டும். "நல்லா இருக்குன்னு சொல்லு நஸ்தாசியா, கொஞ்சம் நல்லாத்தானே இருக்கு." ஓடுபாதையிலிருந்து பள்ளிக்கூட விளக்கு தெரிந்தால் 'நல்லா இருக்கு' என்று சொல்வது என் வழக்கம். சில நாள் விளக்கு வருகிறது, போகிறது. வருகிற சமயம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் டவுனில் மாவட்டப் போட்டி. ஒலிங்கா கனவில்கூடப் பந்து அடிக்கிறாள். சுவரை எட்டி உதைக்கிறாள்.

உன் அக்கா
நஸ்தாசியா


மிஷன் லேண்டிங்
16 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம்தானே. அணி ஜெயித்ததற்கு மறுபடி வாழ்த்துகள். நான் அவர்களைக் கூட்டிவந்த அன்றைக்கு ஓடுபாதையில் ஊரே கொடி பிடித்து நின்றது நன்றாக இருந்தது. இறங்கும்போது கொஞ்சம் குலுங்கிவிட்டது. வெளிச்சம் மட்டமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. ஒலிங்காவிடம் மாமா சாரி சொன்னான் என்று சொல்.

வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

இவான்


அகுலிக்
6 மார்ச் 1994

தம்பி இவானுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத வந்தேன். ஒலிங்கா சுகமாக இல்லை. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். விமானச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறாள்.

நீ அன்றைக்குக் கூட்டிவந்த ஐந்து பெண்களில் நாலு பேர் இறங்கினதும் ஜெயித்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவள் மட்டும் என் பனிவண்டியின் பின்னால் ஏறி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். இதுவரை அவளும் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் பள்ளியிலிருந்து கேட்டார்கள், ஏப்ரலில் ஆஸ்பத்திரிப் படிப்பைப் பார்க்க டவுனுக்கு அழைத்துப் போகிறோம், பெயர் கொடுக்கிறாயா என்று. வேண்டாம் என்றுவிட்டாள். "நான் இங்கயே இருக்கேம்மா. யாராவது இங்க இருக்கணும்ல" என்கிறாள். இந்த ஊரிலிருந்து வெளியே போக ரோடு இல்லை இவான். விமானத்தில் ஏறமாட்டேன் என்றால் அவளுக்கு டாக்டர் கிடையாது, படிப்பு கிடையாது, ஒன்றுமே கிடையாது.

இந்த உறையில் ஒரு குச்சி வைத்திருக்கிறேன். பார். வில்லோ புதரின் குச்சி. நீ அன்றைக்கு மூட்டை இறக்கும்போது உன் விமானத்தின் இடது சக்கரத்துக்கு மேலே சொருகியிருந்தது. நீ பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய். ஊர் நின்றுகொண்டிருந்தது. நான் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

நம் ஆற்றங்கரையில் உயரமான வில்லோவே உன் அத்தானின் தோளுக்குத்தான் வரும். அந்த உயரத்தில் நீ என் மகளை வைத்துக்கொண்டு பறந்திருக்கிறாய்.

என்மேலும் தப்பு இருக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூட விளக்கு வந்து வந்து போனது. நான் 'நல்லா இருக்கு' என்றுதான் சொன்னேன், பிள்ளைகள் வீட்டுக்கு வர வேண்டுமே என்று. முயல் கதையை ஊரெல்லாம் பரப்பினதும் நான்தான். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று எழுது. பொய் எழுதுவதாக இருந்தால் எழுதாதே.

அக்கா


அகுலிக்
3 ஏப்ரல் 1994

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று உன்னிடம் கேட்டால் பதில் வருவதில்லை, அதனால் ரிக்கிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான், பேசத்தான் மாட்டேங்கிறான்" என்றான். நம் ஊருக்கு வருகிற ஓட்டத்தை நீ அவனோடு மாற்றிக்கொண்டாயாம். நாலு வாரமாக மூட்டையைக் கவிழ்த்து உதறிப் பார்க்கிறேன், உன் கடிதம் இல்லை. பொய் எழுதவில்லை என்ற அளவுக்குச் சந்தோஷம்.

இது அவசரக் கடிதம். நேற்று வேறு கம்பெனி விமானத்தில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். பெயர் மார்கோ ஸ்டோக்லி. அரசாங்க விமான ஆய்வாளர், ஆங்கரேஜ் நகரத்திலிருந்து புதிதாக வந்தவர். இதற்கு முன்னால் இருந்த ஆய்வாளரை நினைவிருக்கிறதா, ஒரு வாரம் முன்னாடியே போன் செய்துவிட்டு வந்து, ட்ரெஸ்லரோடு மீன் பிடித்துவிட்டுப் போவாரே. அவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். இந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் வந்து, நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினார். டீ கொடுத்தேன். பைலட் பிரெட் பிஸ்கட் கொடுத்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வானிலை எப்படிப் பாக்குறீங்கன்னு காட்டுங்க" என்றார். ஓடுபாதைக்குக் கூட்டிப்போய் விளக்கைக் காட்டினேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உங்களுக்கு இத யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பனியா இருக்குன்னு நீங்க சொன்னா ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றார். 

ஒலிங்கா உள்ளே இருந்தாள். வில்லோ பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நுனிநாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் உன் லைசென்ஸ் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் இன்னொரு பெண்ணோடு நீ அந்தப் புதருக்குள் போய்விடுவாய். ராத்திரி முழுக்கப் புரண்டேன். கடைசியில் இதுதான் தோன்றியது. அது நான் சொல்ல வேண்டியது இல்லை, நீ சொல்ல வேண்டியது.

அந்த அம்மா அடுத்து உங்கள் கம்பெனிக்குத்தான் வருகிறார். அங்கேயும் சொல்லாமல்தான் வருவார். இதை ரிக் கையில் ஒட்டிக் கொடுக்கிறேன். பிரித்தால் அவன் கை அழுகும் என்று அவனிடமே சொல்லிவிட்டேன்.

நீ என் தம்பி. அந்தக் கப்பில் ஆயுள் முழுக்கக் குடித்தாலும் என் தம்பி.

நஸ்தாசியா


மிஷன் லேண்டிங்
24 ஏப்ரல் 1994

அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை ஒலிங்காவிடமும் படித்துக் காட்டு.

முதலில் பிப்ரவரிக் கதை. கிளம்பும்போதே வானம் கீழே இறங்கியிருந்தது. சட்டப்படி இரண்டு மைல் தெரிய வேண்டும். ஆறு வளைகிற இடத்தில் அரை மைல்கூட இல்லை. திரும்பிவிட நினைத்தேன். ரேடியோவில் ஊரே கத்திக்கொண்டிருந்தது, வந்துட்டாங்க வந்துட்டாங்க என்று. அதற்கு நடுவில் எவனோ, "முயல் வருமா?" என்றான். ஆற்றை விடக்கூடாதென்று இறங்கி இறங்கி வந்தேன். ஏதோ உரசின சத்தம் கேட்டது. பக்கத்து சீட்டில் ஒலிங்கா. அவள் என்னைத்தான் பார்த்தாள், வெளியே பார்க்கவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா பயந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல்தான் ஓட்டத்தை மாற்றிக்கொண்டேன்.

உன் குச்சியை அது வந்த நாளிலிருந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

ஆய்வாளர் அம்மா வந்தார். மூன்று நாள் எங்கள் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ட்ரெஸ்லருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலாவது நாள் காலையில் என்னிடம் வந்து, "அகுலிக் போறீங்களா? ஒரு சீட்டு குடுங்க" என்றார். அன்றைக்கு ரிக்குக்குக் காய்ச்சல், அதனால் நான் போக வேண்டியதாயிற்று.

அதே ஆற்று வளைவு. அதே வெள்ளை. திரும்பினேன்.  எனக்குத் தாங்கவில்லை. "மேடம், நீங்க பக்கத்துல இல்லன்னா நான் திரும்பியிருப்பேனான்னு எனக்குத் தெரியல" என்றேன்.  "எங்க ஆளுங்க எப்பவும் போன் பண்ணிட்டுத்தான் வருவாங்க. நாங்க வந்த நாள்ல எல்லாம் இங்க வானம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

பைலட் அறைக் கதவைத் திறந்தேன். ரிக் காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, துண்டைக் கையில் போட்டுக்கொண்டு, முயல் கப்பில் காப்பியோடு நிற்கிறான். "வாடா முயலே, வா வா" என்றான். எனக்குப் பின்னால் அந்த அம்மா வந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அவர் போய் அந்தக் கப்பை அவன் கையிலிருந்து வாங்கினார். அப்படியே உட்கார்ந்து குடித்தார். "இது எந்தக் குழந்தையோடது?" என்றார்.

 ட்ரெஸ்லர் உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "சும்மா விளையாட்டு மேடம். பசங்க தமாஷ்" என்றார்.

"உங்க புத்தகம் எல்லாத்தையும் பாத்தேன் மிஸ்டர் ட்ரெஸ்லர். இந்தக் கப்பு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆனா இங்க எல்லாரும் இதப் பாத்துத்தான் பறக்குறாங்க போல."

"நான் யாரையும் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினதே இல்ல. இவனுங்களையே கேளுங்க."

"நம்புறேன். திரும்பி வான்னு சொல்லியிருக்கீங்களா?"

 நான் பையிலிருந்து குச்சியை எடுத்து மேஜையில் வைத்தேன். என்ன, எங்கே, யார் யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். 

ட்ரெஸ்லர் குச்சியைக் கையில் எடுத்தார். "எத்தன பேரு?"

"அஞ்சு பொண்ணுங்க."

"ஏன்டா எங்கிட்ட வந்து சொல்லல?"

"சொன்னா சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க. முதல்ல நான் திரும்பி வந்தன்னைக்கு எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சது நீங்கதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. அந்த மனுஷன் ஒற்றை விமானத்தோடு இந்தக் கம்பெனியை ஆரம்பித்து, எத்தனையோ ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வந்தவர். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

லைசென்ஸ் போகவில்லை. நானாக வந்து சொன்னதால் அந்த அம்மா அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். மறுபடி பயிற்சி எடுத்து, பரீட்சை ஓட்டம் ஓட்டிக் காட்டும் வரைக்கும் பறக்கக்கூடாது. அதுவரை நான் மூட்டை ஏற்றுகிறேன். உன் மூட்டையின் கனம் இப்போதுதான் தெரிகிறது, என்னதான் வாங்குகிறாய்?

இவான்


அகுலிக்
15 மே 1994

கண்ணான தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், பல் உட்பட. பல் டாக்டர் வந்தார், அத்தானின் பல் போயிற்று. இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை.

உன் கடிதத்தை ஒலிங்காவிடம் படித்துக் காட்டவில்லை. அவளே வாங்கிக்கொண்டு போய்ப் படித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "மாமா பயந்தாங்கன்னு எனக்குத் தெரியும்மா. மாமாவுக்கே தெரியாதுன்னு நெனச்சுத்தான் நான் பயந்தேன்" என்றாள். எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓட்டுகிறவன் பயப்படவேண்டிய இடத்தில் பயப்படுகிறானா என்பதுதான் அவள் கவலை.

ட்ரெஸ்லர் இங்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டிப் பேசினார். இனிமேல் பாதி வழியில் திரும்பினாலும் பைலட்டுக்கு முழுச் சம்பளம். என் வார்த்தையை மட்டும் வைத்து யாரும் கிளம்ப மாட்டார்கள், டவுனில் இன்னொரு ஆளும் வானிலைக் குறிப்பைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எனக்கும் வானிலை பார்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆய்வாளர் அம்மா போன் செய்யாமல் வந்துகொண்டே இருப்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் ட்ரெஸ்லர் கொஞ்சம் இருமினார்.

கடைக்காரர் எழுந்து, "அப்ப என் சாமான் லேட்டாகுமா?" என்றார். "ஆகும்" என்றார் ட்ரெஸ்லர். யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பெண்களின் அம்மாக்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் ரேடியோவை எடுத்து, "முயல்னு சொல்றத ஆரம்பிச்சு வெச்சது நான். நான்தான் நிறுத்தவும் சொல்றேன். அன்னைக்கு விளக்கு சரியாத் தெரியல, தெரியுதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.  என் வாழ்நாளில் அந்த ரேடியோ அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் கேட்டதில்லை. அப்புறம் யாரோ, "சரி நஸ்தாசியா" என்றார்கள்.

ஒலிங்கா இன்னும் விமானம் ஏறுவதாகச் சொல்லவில்லை. சத்தம் கேட்டால் உள்ளே போவது மட்டும் நின்றிருக்கிறது.

உன் அக்கா


மிஷன் லேண்டிங்
20 ஆகஸ்ட் 1994

அன்பு அக்காவுக்கு,

சுகம். பரீட்சை ஓட்டம் முடிந்தது, தேறிவிட்டேன். மறுபடி பறக்கிறேன். உங்கள் வீட்டில் சால்மன் காயப்போடுகிற வேலை எப்படிப் போகிறது, அத்தான் மெல்லுகிறாரா?

முயல் கப் இப்போது ட்ரெஸ்லர் மேஜையில் இருக்கிறது. அவர்தான் அதில் குடிக்கிறார், வாரம் முழுக்க, யார் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும். திரும்பி வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெரிய கப்பில் அவரே காப்பி ஊற்றி, "என்ன பாத்தே, சொல்லு" என்று கேட்கிறார். காப்பிக்காகவே சிலர் திரும்பி வருகிறார்கள் என்று ரிக் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். போன மாதம் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கே முயல் கப் இல்லை. ஆனால் ரிக் இருக்கிறான். நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆய்வாளர் அம்மாவுக்கு அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

ஒலிங்கா அக்டோபரில் தொடங்குகிற ஆஸ்பத்திரிப் படிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று உன் மூட்டைச் சீட்டின் பின்னால் ஒரே வரியில் எழுதியிருந்தாய். எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? அவளை நானே கூட்டிப்போகலாமா என்று கேட்டு எழுது. வேண்டாம் என்றால் வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் படுவேன்.

இவான்


அகுலிக்
11 அக்டோபர் 1994

என் தம்பி இவானுக்கு,

எல்லோரும் நலம். நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய் என்று தெரியும், டவுனிலிருந்து போன் வந்தது. இருந்தாலும் எழுதத் தோன்றியது. இது எப்போது உன் கைக்கு வருமோ, வரட்டும்.

இன்று காலையில் ஒலிங்கா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை வைத்துக்கொண்டு, ஓடுபாதையில் என்னோடு நின்றாள். மாமா விமானம் என்றால் வருகிறேன், வேறு எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வழியனுப்ப ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கடைக்காரரும் வந்தார், அவருக்கு உருளைக்கிழங்கு வர வேண்டும்.

நீ டவுனிலிருந்து கிளம்பும்போது இங்கே நன்றாகத்தான் இருந்தது. நானே சொன்னேன், டவுனிலும் பார்த்தார்கள். பிறகு கடல் பக்கமிருந்து பனி வந்தது. நான் உன்னைக் கூப்பிட்டு, "விளக்கு போயிடுச்சு இவான், திரும்ப வரும்னு தோணல" என்றேன். உன் இன்ஜின் சத்தம் மேலே கேட்டது, கொஞ்ச நேரம் சுற்றியது. எங்களுக்கு விமானம் தெரியவில்லை. நான் ஒலிங்காவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சத்தம் ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்தது. நீ திரும்பிவிட்டாய்.

ஓடுபாதையில் எல்லோர் கையிலும் ரேடியோ. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒலிங்கா என் கையிலிருந்து ரேடியோவை வாங்கினாள். "மாமா, கேட்டுச்சு. நாளைக்கு வாங்க. நாளைக்கு இல்லன்னா நாளான்னிக்கு வாங்க" என்றாள்.  உன் குரல் "சரிம்மா" என்று மட்டும் வந்தது. அழுதாயா? கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உருளைக்கிழங்கு ஒன்றும் ஓடிப்போகாது என்றார்.

வீட்டுக்கு வந்து டீ குடித்தோம். பையைப் பிரித்து வைக்கட்டுமா, துணி கசங்குமே என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பை கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது, மேலே அவளுடைய கோட்டும்.

உன் அக்கா
நஸ்தாசியா